போவதற்கு மட்டும்

பாலைவனப் பூங்காவுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. தனியாக வண்டியில் போக முடிவு செய்தேன். உள்ளே தண்ணீரும் கடையும் சிக்னலும் கிடையாது. கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலைக் கொடுத்தால்தான் அனுமதி.

எழுதி முடித்து அக்காவிடம் காட்டினேன். கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பவள் அவள்.

"உள்ள போக எத்தனை நாள்டா?"

"ரெண்டு."

"திரும்பி வர?"

"அதுவும் ரெண்டு."

"ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர்னு நீயே எழுதியிருக்க. மொத்தம் பத்துதான் போட்டிருக்க. வரும்போது காத்தைக் குடிச்சிட்டு வருவியா?"

சிரித்துக்கொண்டே தாளை வாங்கினேன். சாப்பாடும் பெட்ரோலும்கூடப் போவதற்கு மட்டுமே இருந்தன. நானே மூன்று முறை சரிபார்த்த பட்டியல் அது. வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியாமல் என் கை எதையோ முடிவு செய்திருந்தது.

"பயமா இருக்குக்கா."

அவள் பேனாவைப் பிடுங்கி, பத்தை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள்.

"இருபதுதானே வரும்?"

"ரெண்டு பேருக்குடா. நானும் வர்றேன்."