முழங்கைக்கு வந்த பட்டம்

உரிமம் வழங்கும் அலுவலகத்தின் கண்காணிப்பாளருக்கு வலது முழங்கை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்து, "ஒலெக்ரனான் பர்சைட்டிஸ்" என்றார். கேட்டதுமே அவருக்குப் பாதி வலி போய்விட்டது. தன் உடம்பிலும் இவ்வளவு பெரிய சங்கதி நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. சீட்டில் எழுதி வாங்கி, வீடு வருவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டார்.

மாலையில் மைத்துனர் போனில் மாட்டினார். "உங்களுக்கென்ன மாப்ள, வெறும் சர்க்கரை! எனக்கு வந்திருக்கறது ஒலெக்ரனான் பர்சைட்டிஸ்."

"ஐயோ, உயிருக்கு ஒண்ணும்..."

"பாப்போம்" என்று இழுத்தார். அதிலிருந்து வீட்டில் ஒரு தம்ளரைக்கூட அவர் நகர்த்தவில்லை.

மனைவிக்கு மருத்துவமனை ஆவணப் பிரிவில் தட்டச்சு வேலை. இருபது வருடமாக நோய்ப் பெயர்களோடுதான் குடித்தனம். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தேநீரை ஊட்டிவிடச் சொன்னதும் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசில ஐட்டிஸ்னு ஒட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுக்கு வீக்கம்னு அர்த்தம். அவ்ளோதான்."

"கிரேக்கச் சொல்லு, தெரியுமா?"

"கிரேக்கத்துல அதுகூடக் கிடையாது. 'அதைச் சேர்ந்தது'ன்னுதான் அர்த்தம். ஆர்த்ரைட்டிஸ 'மூட்டைச் சேர்ந்த நோய்'னு முழுசா சொல்லிட்டிருந்தாங்க. நாளாவட்டத்துல நோயை விட்டுட்டாங்க, வால் மட்டும் நின்னுடுச்சு. பின்னால வந்த டாக்டருங்க அந்த வாலுக்கு வீக்கம்னு பொருள் வெச்சுக்கிட்டாங்க. ஒலெக்ரனான்னா முழங்கை முனை, பர்சான்னா பை. உங்க பாக்கெட்ல இருக்கற பர்ஸும் அதே சொல்லுதான். ஆமா, நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"முழங்கை முனை வீங்கிருக்குன்னேன்."

"அதையேதான் அவரும் உங்ககிட்ட சொல்லியிருக்காரு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் எழுதக் கை வராதே! பத்து நாள் விடுப்புக் கடிதத்தை அவளையே அடிக்கச் சொன்னார். "காரணம் விளக்கமா இருக்கட்டும்."

விளக்கமாகவே அடித்தாள். அவர் படிக்காமல் இடது கையால் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடும் பழக்கம் அவருக்கு அலுவலகத்திலும் கிடையாது.

மறுநாள் மேலதிகாரி அம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டு வாசித்தார்: "'நாள் முழுவதும் மேசைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பதால் ஏற்பட்ட வீக்கம்.' பரவால்லையே, உண்மைய எழுதியிருக்கீங்க!"

கதவு திறந்திருந்தது. வெளியே விசைப்பலகைச் சத்தம் சட்டென்று நின்றது.

"மேடம், அதுக்குப் பேரு ஒலெக்ரனான்..."

"மேசைதானே தொந்தரவு? மேசைய எடுத்துடலாம். விடுப்பு எதுக்கு?"

அன்றிலிருந்து வாசலில் நின்று பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் வேலை. சாய ஒரு சுவர்கூட இல்லை. அவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்கிய விண்ணப்பங்களைப் பற்றி வருகிறவர்களெல்லாம் அவரிடமே கேட்டார்கள். நின்றபடியே அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் முழங்கை வற்றிவிட்டது. பதிலுக்குக் குதிகால் குத்தத் தொடங்கியது. அதற்கும் நீளமாக ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் வாய்திறக்கத்தான் பயமாக இருந்தது.