முதல் முடிக்குத் தீட்டிய கத்தி

...அழுத்தக் கூடாது, கத்தியின் பாரமே போதும், கத்தியின் முதுகும் கூர்வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும், வாய் முன்னே போக வேண்டும், ஓரத்துக்கு வந்ததும் முதுகின் மேலேதான் புரட்ட வேண்டும், வாயைப் போட்டுப் புரட்டினால் அவ்வளவு நேரம் தீட்டியதும் பாழ்... எல்லாம் அஸ்பாக் சொன்னதுதான், சொன்னதென்ன, அவன் தன் பாட்டில் முணுமுணுத்துக்கொண்டே செய்ததை நதீரா எதிரே குந்தியிருந்து பார்த்ததுதான், கலியாணம் முடித்த புதிதில் வேறு என்ன வேலை, புருசன் முகத்தைப் பார்க்க வெட்கம், ஆகவே கையைப் பார்த்தாள். அவன் இடக்கைக்காரன், எதிரே இருந்தவளுக்கு அது வலக்கைப் பக்கம், அதனால்தானோ என்னவோ இன்றைக்குக் கிணற்றடியில், அவனுடைய மஞ்சள் தீட்டுக்கல்லை நனைத்து வைத்துக்கொண்டு குந்தியதும், வலக்கை நெடுநாள் பழக்கம்போல் போய்வருகிறது. கல்முனை பசாரில் அவன் சலூன் வைத்திருந்த காலத்திலும் பெரியவர்களுக்கெல்லாம் பிளேட்தான், கைக்குழந்தைகளின் தலைக்கு மட்டும் இந்தச் சவரக்கத்தி, தீட்டத் தெரிந்தால் இதைவிட இதமானது எது என்பான்... இப்போது கட்டாரில் எவன் எவன் தாடியையோ வழித்துக்கொண்டிருக்கிறான்.

வழித்துக்கொண்டிருக்கிறானா, வந்துகொண்டிருக்கிறானா? அதுதானே தெரியவில்லை. பயணம் போகும்போது இவள் மூன்று மாதம், வயிற்றில் வாயை வைத்து, “என்ட புள்ளட முதல் முடியில வேற ஒருத்தனும் கை வெக்கப்படா, கேட்டியா” என்றான், யாரிடம் சொன்னான், உள்ளே இருந்தவனிடமா, இவளிடமா... பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி எடுக்க வேண்டும், பிள்ளையின் வாப்பா வருவார் என்று தள்ளிப்போட்டாள், பதினாலாம் நாளும் தள்ளிப்போட்டாள், இன்றைக்கு இருபத்தொன்று, இதற்கு மேலும் தள்ளினால் உம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். நேற்றுக் கதைத்தபோது, “லீவு கேட்டிருக்கன், மொதலாளி ஓமெண்டும் சொல்லல்ல, இல்லெண்டும் சொல்லல்ல, வந்தா சொல்லாமக் கொள்ளாம வாசல்ல வந்து நிப்பன் பாரு” என்று சிரித்தான், அதோடு போன் ஓய்ந்துவிட்டது. விமானத்தில் ஏறினவனும் போனை நிறுத்துவான், வேலை முடிந்து விழுந்து படுத்தவனும் நிறுத்துவான், இதில் எதை நம்புவது?

“புள்ளப் பெத்த உடம்பு, பச்சத்தண்ணியில கைய ஊற வெச்சிக்கிட்டு இரிக்கா, சன்னி வந்தா ஆரு பாக்குற?” குசினி வாசலில் உம்மா, தோளில் குழந்தை. இந்தா முடிஞ்சிது உம்மா என்றாள். “கச்சிமுகம்மது ஒஸ்தா லுஹர் தொழுதிட்டு வாறெண்டவரு, ஊருக்கே முடி எடுக்கிற மனிசன், அவருக்கிட்ட கத்தி இல்லாமலா?” இவள் கத்தியை மறுபுறம் புரட்டினாள். ஒஸ்தாவுக்கு யார் தீட்டினார்கள், போங்கள் உம்மா, உங்கள் மருமகன் வந்து இறங்கியதும் கத்தி எங்கே என்று இடக்கையை நீட்டுவாரே, அப்போது துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதா? தலைமயிர் ஒன்றைப் பிடுங்கிக் கத்தி வாயில் விட்டுப் பார்த்தாள், தொட்டதும் அறுந்து விழுந்தது. போதும், எழும்பலாம். ஆனால் எழும்பினால் போனைப் பார்க்க வேண்டும்... இன்னும் கொஞ்சம், இன்னும் ரெண்டு இழுப்பு என்று இழுத்து இழுத்து, அட பாவி, வாய் மடிந்துவிட்டது, அளவுக்கு மிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாத சுருள் விழும், நகத்தில் தட்டிப் பார்த்தால் பிடிபடும், அந்தச் சுருளைக் கட்டையில் மெல்ல இழுத்துக் கழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பச்சைக் குழந்தைத் தலைக்குப் போகும் கத்தியை இப்படியா கெடுப்பது, என்று கோபம் வரவேண்டிய இடத்தில் இவளுக்குச் சந்தோசம் வந்தது, முதலிலிருந்து என்றால் இன்னும் நேரம் இருக்கிறது அல்லவா. தெருவில் ஓட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது, கை நின்றது, யா அல்லாஹ்... பக்கத்து வீட்டுக்கு, காஸ் சிலிண்டர் இறக்க. அவனைத் தொட வேண்டும்போல் இருந்தது, போன் கண்ணாடிக்குள் இருந்து கதைக்கிற முகத்தை அல்ல, காது மடலில் எப்போதும் ஒட்டியிருக்கும் பவுடரை, வேலைவிட்டு வருகையில் சட்டைக் கொலரில் குத்தும் மற்றவர்களுடைய மயிரை. அந்த மயிர் குத்துகிறது என்று எத்தனை நாள் சண்டை பிடித்தாள், இப்போது குத்தட்டுமே, குத்தித் தொலையட்டுமே.

மறுபடி தீட்டி, மறுபடி மயிரை விட்டுப் பார்த்து, துவாயில் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். பள்ளியில் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்தது. உள்ளே உம்மா சோற்றுப் பானை மூடியைத் திறக்கும் சத்தம், பிறகு, “நதீரா, காலையில நீதானே அரிசி போட்ட?”

“ஓம் உம்மா.”

“என்ன புள்ள இவ்வளவுதான் கிடக்கு... மருமகன் வந்தா என்னத்தத் தின்னக் குடுக்கிற?”

அப்படியானால் உம்மாவும் அவன் வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாளா, காலையிலிருந்து இவ்வளவு ஏசிக்கொண்டும்? “மறந்திட்டன் உம்மா” என்றாள் நதீரா. மறக்கவில்லையே. விடிய எழும்பி, கத்தியைத் தேடி எடுப்பதற்கும் முன்னால், பானைக்கு முன் நின்று வாய்விட்டு எண்ணினாளே, உம்மாவுக்கு, தனக்கு, அவனைப் பெற்ற மாமி வருவாள், மாமிக்கு, முடி எடுத்த கையோடு பசியாறிப் போகட்டும் என்று ஒஸ்தாவுக்கு... ஒஸ்தாவுக்குக்கூடப் போட்டிருக்கிறாள். அத்தோடு பானையை மூடியிருக்கிறாள். வாசலில் ஸலாம் சொல்லும் குரல் கேட்டது, வயதான குரல், உம்மா குழந்தையோடு முன்னுக்குப் போனாள், இவள் துடைத்த கத்தியை மறுபடியும் துடைத்தாள், எப்போதிருந்து, எந்த நாளிலிருந்து அவனை எண்ணாமல் விட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள், தெரியவில்லை.