வடபுறச் சாய்ப்பின் நிழல்

அடி அண்ணாமலையில் ஆதிமூலத்தின் வீடு ஒரு கார்த்திகை மாதத்துப் புயலில் இடிந்து தரைமட்டமானபோது, அதன் நிழல் மட்டும் இடியவில்லை. மறுநாள் வெயில் வந்ததும், செங்கல் குவியலும் ஓட்டுச் சில்லுகளும் கிடந்த அந்த மனையின் மீது, முகடும் தாழ்வாரமும் வாசல்நிலையும் பிசகாமல் ஒரு முழு வீட்டின் நிழல் படர்ந்திருந்தது. மலைக்கு மேற்கே உள்ள ஊர் அது. காலையில் முதலில் மலையின் நிழல்தான் ஊரை மூடும். அது மெல்லச் சுருங்கி அடிவாரத்துக்குத் திரும்பிய பிறகே அவரவர் வீட்டு நிழல் அவரவர் வாசலுக்கு வரும். அந்த வரிசையில் ஆதிமூலத்தின் வீட்டு நிழலும் நாள் தவறாமல் வந்தது. சில நாட்கள் ஊர் கூடி நின்று பார்த்தது. பிறகு கடலை காயவைப்பவர்கள், வெயில் படாது என்பதற்காக அந்த இடத்தைத் தவிர்த்தார்கள். மாடு கட்டுபவர்கள், வெயில் படாது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேடினார்கள். ஆதிமூலம் புயலுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். உரிமைக்காரியான மகளைக் கேட்காமலேயே மனையை விற்க முனைந்த தரகர் ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவரைக் காரில் அழைத்து வந்து காட்டினார். வந்தவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், இது எந்தக் கட்டடத்தின் நிழல் என்று கேட்டார். "அது மனையோட வருதுங்க. அதுக்குத் தனியா எதுவும் போடறதில்ல" என்றார் தரகர். வந்தவர் காரை விட்டுக் கீழே இறங்காமலேயே திரும்பிப் போனார்.

அந்த நிழலை முழுமையாக ஆண்டு அனுபவித்தவை நாய்கள். கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பக்தர்கள் போடும் பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவை அவை. மலையை வலப்பக்கம் வைத்தே நடந்து பழகியவை. எந்த வேலையாக இருந்தாலும் இடமாகச் சுற்றத் தெரியாதவை. காது கிழிந்த செவலை என்ற பெட்டை நாயின் தலைமையில் அவை காலையில் நிழலின் மேற்கு ஓரத்தில் படுக்கும். வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்து, மாலையில் கிழக்கு ஓரத்தில் எழுந்து சோம்பல் முறிக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவை படுக்கவில்லை. வீட்டின் வடபுறத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்னச் சாய்ப்பின் நிழல் இருந்தது. எவ்வளவு கொளுத்தும் சித்திரையிலும் அதற்குள் ஒரு நாயும் கால் வைக்கவில்லை. அதைச் சுற்றிப் படுத்தன, தலையை அதன் பக்கம் வைத்துப் படுத்தன, அவ்வளவுதான்.

அந்தச் சாய்ப்பு என்ன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாதத்தில் மூன்று நாட்கள் வீட்டுப் பெண்களை வெளியே வைப்பதற்காகக் கட்டியது. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், ஒரு பாய், ஒரு செம்பு, கதவில்லாத வாசல். ஆதிமூலத்தின் மனைவி பச்சையம்மாளை ஒரு கடலை அறுவடைக் காலத்தில் அங்கேதான் பாம்பு கடித்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கடலை பிடுங்கக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். ஆதிமூலம் நொடியில் வண்டி பூட்டினார். வண்டி இருந்தது, மாடுகள் இருந்தன, டவுனில் ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே மருந்தும் இருந்தது. தூக்கக் கைகளும் இருந்தன. அந்தக் கைகளுக்கு அனுமதிதான் இல்லை. தீட்டுப்பட்ட பெண்ணை ஆண் தொடலாகாது என்று, கொல்லையிலிருந்து பெண்களை அழைத்துவர ஆள் ஓடியது. வண்டியருகே ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், ஆனால் தொடவில்லை. அவர் நல்ல மனிதர். கொடிய வழக்கங்களுக்குக் கொடியவர்கள் தேவையில்லை. நல்லவர்கள் கைகட்டி நின்றாலே அவை நடந்துவிடும். மகள் திரௌபதிக்கு அப்போது எட்டு வயது. அவள் தன் இரு கைகளையும் தாயின் தோளுக்கு அடியில் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். கனம் அசையவில்லை. பெண்கள் ஓடிவந்து சேர்ந்தபோது தூக்குவதற்கு அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அந்தத் திரௌபதி, வேலூரில் சித்தி வீட்டில் வளர்ந்து, அங்கேயே ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டில் தலை நரைத்து, ஓய்வு கொடுக்கப்பட்டபின் ஆடி மாதக் கடைசியில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு பெரிய அண்டாவோடும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாடகை அறையை ஒப்படைத்துவிட்டாள். திரும்பிப் போக வேறு இடமில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் தகப்பன் மனையில் தன் கையால் ஒரு வீட்டை நிமிர்த்திவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். நிழலைப் பார்த்து அவள் வியக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சரசு, பௌர்ணமி நாட்களில் பாதையோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்பவள், வேலிக்கு மேல் தலையை நீட்டி, "அக்கா, நாங்க யாரும் அதை ஒண்ணும் பண்ணலக்கா. அதுவா இருக்குது" என்றாள். "இருக்கட்டும். கொத்தனாருக்குப் பிளான் போடற வேலை கம்மி" என்றாள் திரௌபதி.

அவள் சொன்னபடியே ஆயிற்று. ஆவணி பிறந்து சூரியன் நேர் உச்சிக்கு வந்த நாளில், நிழல் எந்தப் பக்கமும் சாயாமல் தன் அஸ்திவாரத்தின் மேலேயே வந்து அமர்ந்தது. எதிர்வீட்டுப் பரசுராமன் கொத்தனார் தொழிலை விட்டு வெகு நாளாகியிருந்தது. அன்று தானாகவே ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் தூசி தட்டி எடுத்து வந்து, நிழலின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அவர் கோடு போட்டு முடிப்பதற்குள் நாய்கள் அதன் மேல் பள்ளம் பறிக்கத் தொடங்கிவிட்டன. அத்தனை ஆண்டுகள் படுத்துறங்கிய விளிம்பு அவற்றுக்கு அவர் போட்ட கோட்டைக் காட்டிலும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. முழங்கால் ஆழத்துக்கு அவை பறித்துக் கொடுத்தன. மீதியை மண்வெட்டியோடு வந்த அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள். சாய்ப்பைச் சுற்றி மட்டும் பரசுராமன் கோடு போடவில்லை. போட வேண்டாம் என்று திரௌபதி சொல்லியிருந்தாள். அங்கே நாய்களும் பறிக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் ஏன் வந்தார்கள் என்றால், சோற்றுக்கு என்று சொல்வதுதான் நேர்மை. விடுதி மாணவர்களுக்குச் சமைத்தே பழகிய கை திரௌபதியுடையது. அதற்குச் சின்ன அளவு வரவில்லை. ஒருத்திக்கென்று உலை வைத்தால் ஒரு தெருவுக்கு வெந்தது. முதல் நாள் மிஞ்சிய சாம்பார் சாதத்தைத் தின்றவர்கள் மறுநாள் கூடை எடுத்து வந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுடைய மைத்துனர்களும் வந்தார்கள். கோதண்டராமன் என்ற விவசாயி, விழுந்த பனைகளை அறுத்துக் கூரைக்குச் சட்டமாக்கித் தன் டிராக்டரில் கொண்டுவந்து போட்டுவிட்டு, இரண்டாம் முறை ரசம் கேட்டார். பழைய செங்கற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடுக்கினார்கள் பெண்கள். சேற்றுக் குழியை மிதித்தவை நாய்கள். திரௌபதி முன்னால் நடக்க, அவை பின்னால் வரிசையாக, வலமாக, வயிறு வரை சேறு படிந்து, பௌர்ணமிக் கூட்டத்தின் பொறுமையோடு சுற்றிச் சுற்றி மிதித்தன. "இன்னா அக்கா, இதுங்களுக்கும் மோட்சம் உண்டா?" என்று கேட்டாள் சரசு. "உனக்கு முன்னாடி கிடைச்சிடும். நீ இன்னிக்கு ஒரு சுத்துகூட வரல" என்றாள் திரௌபதி.

கிழக்குச் சுவர் நின்றது. தெற்கும் மேற்கும் நின்றன. வாசலில் நிலை வைத்தாயிற்று. வடக்குச் சுவர் மட்டும் நிற்கவில்லை. நாளெல்லாம் எழுப்பினார்கள், மறுநாள் உச்சிப்பொழுதில் சாய்ப்பின் நிழல் வந்து சுவரின் அடியைத் தொட்டதும், சுவர் சத்தமில்லாமல், களைத்தவன் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. ரசமட்டம் சரியென்றது, தூக்குக்குண்டு சரியென்றது. மறுபடி எழுப்பினார்கள், மறுபடி உட்கார்ந்தது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது புரட்டாசி முடியும் தறுவாயில் இருந்தது. மலையுச்சியில் மேகம் இறங்கி நாள் முழுவதும் விலகாமல் கிடந்தது. கூரை ஏற்றாத, சேறு வைத்துக் கட்டிய சுவர்களின் மீது மழை விழுந்தால் மற்ற மூன்றும் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பரசுராமன் கலைந்த செங்கல் மேல் உட்கார்ந்து சொன்னார். "திரௌபதி, நிழல்ல இருக்கிறதை விட்டுட்டுக் கட்டறோம். அதான் ஒத்துக்க மாட்டேங்குது. அந்தச் சாய்ப்பையும் சின்னதா எழுப்பிடலாம்மா. அதுல நீ போய் உக்காரணும்னு யார் சொன்னது? விறகு போடு, வரட்டி போடு."

"விறகு போட்டாலும் அது அதே சாய்ப்புதாண்ணா."

"மழை வருதேம்மா."

"வரட்டும். நனைஞ்சுகினே இருக்கறேன். அதை மட்டும் என் கையால கட்ட மாட்டேன்."

அவளுக்கு இருந்த ஒரே கூரை அந்தக் கட்டாத கூரைதான் என்பதை அங்கே நின்ற அனைவரும் அறிந்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற சரசுதான், குறையாகச் சொல்வதுபோல் சொன்னாள்: "இத்தினி நெழல் இருக்குது, இந்த நாயிங்களப் பாருக்கா. உள்ள ஒண்ணும் போவாது. யாருக்கோ உடம்பு சரியில்லாத வீட்டுல உக்காந்தினுகீற மாதிரி சுத்தி உக்காந்தினு."

திரௌபதி பார்த்தாள். சாய்ப்பின் நிழலைச் சுற்றி நாய்கள் முன்னங்கால்களின் மீது முகம் வைத்துப் படுத்திருந்தன. நடுவில் அவை விட்டிருந்த இடம் ஒரு பாயின் நீளம் இருந்தது. ஒரு பாயின் அகலமும் இருந்தது. நிழல் கேட்பது சுவரையல்ல என்று அவளுக்கு அப்போது விளங்கியது. உள்ளே படுத்திருப்பவளை யாரும் இன்னும் வெளியே தூக்கவில்லை. வண்டி வெளியே காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் நிழலுக்குள் போய் மண்டியிட்டு, எட்டு வயதில் கொடுத்ததுபோலவே இரண்டு கைகளையும் தரையோடு தரையாக அடியில் கொடுத்தாள். அதே கனம். அது அசையவில்லை. "சரசு, வந்து அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

சரசு குடத்தை இறக்கினாள், வரவில்லை. பக்கத்தில் ஆண்கள் நின்றதால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, நான் இன்னிக்குத் தூரம்."

"அதனாலதான் உன்னை மொதல்ல கூப்பிடறேன். வா."

சரசு வந்தாள். கால்மாட்டில் கை கொடுத்தவள், "ஐயோ, கனமா இருக்குதேக்கா" என்றாள், நெல் மூட்டையைப் பற்றிச் சொல்வதுபோல. பரசுராமன் எழுந்து, சேற்றுக் கையை வேட்டியில் துடைக்கப் போனார். துடைக்காமலேயே வந்து இடுப்புப் பக்கம் பிடித்தார். கோதண்டராமன் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். செங்கல் அடுக்கிய பெண்கள் வந்தார்கள், அவர்களுடைய மைத்துனர்கள் வந்தார்கள். ஒரு பெண்ணைத் தூக்கத் தேவையானதற்கு மேலேயே கைகள் சேர்ந்துவிட்டன. பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் பிடித்தவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கனம் மட்டும் எல்லோர் கையிலும் சமமாக இருந்தது. "தல பத்திரம்" என்றார் பரசுராமன். பின்பக்கமாக அல்ல, சுற்றிக்கொண்டு போய், கிழக்கு வாசல்நிலை வழியாக, நாய்கள் இருபுறமும் ஓசையின்றி நடந்துவர, பச்சையம்மாளை நடுக்கூடத்துக்குக் கொண்டுபோய், வானம் திறந்திருந்த அந்தத் தரையில் மெதுவாக இறக்கினார்கள். தரை தொட்டதும் கனம் போய்விட்டது. சரசு குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அங்கே வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைப்பது வழக்கம். அழுதவர்கள் அழுதார்கள். பிறகு பசி வேளையாகிவிட்டதால் எல்லோரும் சாப்பிட்டார்கள். கோதண்டராமன் அன்றும் இரண்டாம் முறை ரசம் கேட்டார்.

வடக்குச் சுவரை அன்று மாலையே எழுப்பத் தொடங்கினார்கள். அடுத்த உச்சிப்பொழுதுக்கும் அது நின்றது, அதற்கடுத்த உச்சிப்பொழுதுக்கும் நின்றது. ஓடு வேயக் கூரை மேல் ஆளுக்கு ஆள் ஏறியதில் பரசுராமன் பாதிப்பேரைத் திட்டிக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கடைசி ஓட்டை வைத்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி முழுவதும் விடவில்லை. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. திரௌபதி யாருக்கும் நன்றி என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவளிடம் அதற்கு அண்டா இருந்தது. இன்றுவரை அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை மதியம் எவர் வீட்டிலும் உலை வைப்பதில்லை. ஆணும் பெண்ணும், மாதத்தின் எந்த நாளானாலும், அந்தக் கிழக்கு வாசல் வழியாகவே உள்ளே வந்து, நடுக்கூடத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள்.

சாய்ப்பின் நிழல் அப்படியேதான் இருக்கிறது. வீட்டு நிழல் வீட்டோடு சேர்ந்துகொண்டது. இது மட்டும், போடுவதற்குச் சுவரோ கூரையோ இல்லாமல், வடபுறத்தில் தனியாகக் காலையில் மேற்கே நீண்டு, மாலையில் கிழக்கே நீள்கிறது. பச்சையம்மாளைத் தூக்கிய அன்று பிற்பகலே செவலை அதன் நட்டநடுவில் போய் நான்கு கால்களையும் மேலே தூக்கி மல்லாந்து தூங்கியது. அதற்குப் பிறகு மற்றவை. இப்போது கடலை உரிக்கும் பெண்கள் அங்கே உட்காருகிறார்கள், சீட்டாடும் ஆண்கள் உட்காருகிறார்கள், சரசு வெள்ளரிக் கூடையைப் பாதையோரத்திலிருந்து அங்கே மாற்றிக்கொண்டாள். பௌர்ணமி நாட்களில் மாலை வெயிலில் நடந்து வருகிற வெளியூர்க்காரர்கள் கால் வலித்து அங்கே ஒதுங்குகிறார்கள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அண்ணாந்து பார்த்த பிறகுதான் மேலே ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இது எதனுடைய நிழல் என்று கேட்பார்கள்.

"பச்சையம்மா நெழலுங்க" என்பாள் சரசு, பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவியபடி. "நல்லா உக்காருங்க. கொஞ்சம் தள்ளி, நாயிக்கு எடம் வுட்டு."