சுமைகாரனின் காலடியில்

1.
இந்தக் கதை ஒரு கறையிலிருந்து வந்தது. இத்தாலியில், எங்கள் பொலோஞா நகரில், பழைய படங்கள் விற்கும் கடையொன்றில், மூட்டை தூக்கும் ஒருவரின் அச்சுப்படம் பார்த்தேன். கீழே ‘சுமைகாரன்’ என்று மட்டும் இருந்தது. அதன் அடியில் லேசான சாம்பல்நிறக் கறை. மீதியெல்லாம் நான் கட்டியது.

2.
‘பொன்னிறக் காலை ஒளியில் ஓர்சோலா செப்புத்தகட்டின் மீது குனிந்து —’

வேண்டாம். பொன்னிற ஒளி செம்பில் பட்டால் கண் கூசும். வேலை செய்கிறவர்கள் ஜன்னலில் எண்ணெய்த் தாள் ஒட்டிவிடுவார்கள்.

மறுபடி. தெருவில் உழைப்பவர்களை ஓர் ஓவியர் வரைந்து தருவார். ஓர்சோலா அவற்றை அச்சடிப்பதற்காகச் செம்பில் செதுக்குவாள். நாற்பதாவது தாளை விரித்தாள்: அவளுடைய அப்பா. போன குளிர்காலத்தில் மூட்டையோடு படியில் விழுந்து செத்தவர். அவருக்கு வேறு படமே கிடையாது.

(சட்டையில் ஓவியர் அழகாக ஒரு கிழிசல் போட்டிருந்தார். ஓர்சோலா தைத்துக் கொடுக்காமல் அப்பா ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை.)

3.
படத்தின் காலடியில் அப்பாவின் பெயரைச் செதுக்கினாள். பதிப்பாளர் காமில்லோ சோதனைப் பிரதியைப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“எங்கப்பா பேருங்க ஐயா.”

“பேரு போட்டா உருவப்படம். அது பிரபுக்களுக்கு. இது சுமைகாரன்.”

“பிரபு வீட்டு நாய்க்கு லெயோன்சினோன்னு பேரு போட்டீங்களே.”

“அது பிரபு வீட்டு நாய். வாங்குறவரு சுவத்துல ஒரு சுமைகாரன மாட்டுவாரு. உங்கப்பன எதுக்கு மாட்டணும்? நீயே அழிச்சிடு.”

[இங்கே அவளை மூன்று பக்கம் எதிர்த்துப் பேச வைத்தேன். கிழித்துப் போட்டேன். அந்த வீரம் என்னுடையது. அவளுக்கு மறுநாள் வேலை வேண்டும்.]

எஃகுக் கம்பியால் தேய்த்து, தேய்த்து, அவளே அழித்தாள்.

4.
கதைக்கு ஒரு முடிவு: அழிக்குமுன் ஒரு பிரதியை ஒளித்துவைத்தாள். இனிக்கிறது, நான் நம்பவில்லை.

இன்னொன்று: தேய்த்த இடம் பள்ளமாகும், பள்ளத்தில் மை தங்கும், அச்சில் அது கறையாக விழும். தகட்டின் முதுகில் தட்டி அதைச் சமன்செய்ய வேண்டும் என்பது ஓர்சோலாவுக்குத் தெரியும். தட்டவில்லை. மறந்தாளா, மறுத்தாளா? நீங்களே சொல்லுங்கள்.

5.
மேலே போய்ப் பாருங்கள். மகளுக்குப் பெயர் வைத்தேன். முதலாளிக்கு வைத்தேன். நாய்க்கும் வைத்தேன். வேண்டுமென்றேதான் அப்பாவை மட்டும் பெயரில்லாமல் விட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்றாம் முறை திருத்தும்போதுதான் கவனித்தேன்.

இனி எதை வைத்தாலும் அது நான் வைத்த பெயர், அவருடையதல்ல. அதனால் அந்த இடத்தைப் பள்ளமாகவே விட்டிருக்கிறேன்.

தட்டிச் சமன்செய்யவில்லை.