பீப்பாயில் என்ன பூசுகிறார்கள்

காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறேன். அடுப்பு மேடையைத் துடைக்கிறேன். கறுப்பு டோஸ்டரைப் பால்கனிக்கு எடுத்துப்போய் இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட்டு, நின்றபடியே தின்கிறேன். சட்டையில் விழுந்த துகள்களை உதறுகிறேன். உள்ளே வந்து மறுபடி பல் துலக்குகிறேன்.

சிவப்பு டோஸ்டர் உள்ளேயே இருக்கும். அது என் மனைவியுடையது, கோதுமை படாதது. அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமையோ பார்லியோ துளி உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். என் வாயில் ஒட்டியிருந்தால்கூட ஆகாது. எனக்கு அவள் வைத்த பெயரே கோதுமை. "கோதுமை, கிட்ட வராத. வாய் கழுவிட்டு வா." அவள் போன பிறகும் துலக்குகிறேன்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஒயின் பாட்டில் இருக்கிறது. கல்யாண நாளுக்கு வாங்கியது. திராட்சையில் ஏது கோதுமை என்று சிரித்தேன். ஒயின் ஊறும் பீப்பாயின் மூடி இடுக்கைச் சிலர் கோதுமை மாவுப் பசையால் அடைப்பார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். தயாரிப்பவருக்கே எழுதிக் கேட்டாள். அறுவடை முடிந்ததும் அழைக்கிறேன் என்று பதில் வந்தது. வகுப்பெடுக்கும்போது போனைத் தொட முடியாது என்பதால் என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

அதற்குள் ஒரு காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். தெருமுனையில் லாரி.

அவள் என்னிடம் விட்டுப்போன வேலை அந்த அழைப்பு ஒன்றுதான். தெரியாத எண் எதையும் நான் விடுவதில்லை. காப்பீடு விற்ற ஒருவர், "சார், நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்ட முதல் ஆளு நீங்கதான்" என்றார்.

தெரிந்த எண்ணிலிருந்து வரும் ஒரே அழைப்பு அவளுடைய அம்மாவுடையது. தினமும் கேட்பார்.

"மாப்பிள்ளை, கடைசியா என்னதான் சொன்னா?"

"போயிட்டு வரேன்னு சொன்னா அத்தை."

அது பொய். உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவள் விட்டுப்போன வேலை இன்னும் முடியாமல் இருந்தது.

இன்று வாயில் நுரையோடு இருந்தபோது போன் அடித்தது. ஒயின் தயாரிப்பவர்.

"மன்னிக்கணும், ரொம்ப லேட்டாயிடுச்சு. உங்க வீட்டம்மா கேட்டிருந்தாங்களே. நாங்க மாவு வெக்கிறதில்ல, வெறும் மெழுகுதான். மாவு வெச்சாலும் ஒயின்ல கணக்குல வர்ற அளவு இறங்காதுன்னுதான் சோதனை பண்ணவங்க சொல்றாங்க. தைரியமா குடிக்கச் சொல்லுங்க."

"ஒயினைத் தெளிய வெக்க என்ன போடுறீங்க?"

"களிமண்ணு மாதிரி ஒண்ணு. கோதுமை கிடையாது."

"வேற ஒயின் வாங்கினா?"

"சுத்தமான திராட்சை ஒயின்னா பயமில்ல. பழ வாசனை அது இதுன்னு கலந்து விக்கிறாங்க பாருங்க, அதுல பார்லி மால்ட் இருக்கலாம். லேபிளைப் பாக்கச் சொல்லுங்க." சிரித்தார். "பீப்பாய் செய்றவரே இவ்வளவு குடைய மாட்டார் சார். அவங்ககிட்ட குடுங்களேன், நானே சொல்லிடறேன்."

"வெளிய போயிருக்கா."

"வந்ததும் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

வாயைக் கொப்பளித்தேன். பாட்டிலை இறக்கித் துடைத்து, மறுபடி மேலேயே வைத்தேன். பாதுகாப்பான ஒயின். வீட்டில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

அத்தையின் அழைப்பு வந்தது.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை. அவ கடைசியா சொன்னது போயிட்டு வரேன்னு இல்ல."

"சொல்லுங்க" என்றார்.

அன்று அவளுக்குக் கதவில் ஒரு கை, செருப்பில் ஒரு கால். அவள் சொன்னபடியே சொன்னேன்.

"கோதுமை, அந்த ஒயின்காரர் கூப்ட்டா எடு. பீப்பாய்ல என்ன பூசுறாங்கன்னு கேளு. சும்மா சரி சரின்னுட்டு வெச்சிடாத."