கழுத்தைத் திறந்து வைத்தேன்

கடல் வற்றி உள்வாங்கிய சாயங்காலத்தில் எங்கள் தீவின் கேம்பல் பே கரையில் உட்காருவது புத்தியுள்ளவள் செய்கிற வேலையில்லை. புருஷனின் டிங்கிப் படகு மீனோடு வரும்போது கூடை பிடிக்க ஆள் வேண்டுமே, அதனால் நானும் என் நாத்தனார் டயானாவும் உட்கார்ந்திருந்தோம்.

சேண்ட் ஃப்ளை என்கிற மணல்பூச்சி கொசுவைப் போல் பாடிக்கொண்டு வராது. கண்ணுக்கே தெரியாத பொடி. கடித்த பிறகுதான் வந்ததே தெரியும். சொறிந்தால் ஒரு வாரத்துக்குப் புண். காலில் தேங்காயெண்ணெயை அப்பியிருந்தேன். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தேன். மட்டையைக் கொளுத்திப் புகையும் போட்டாயிற்று. புகை நேராக மேலே போனது. பூச்சி நேராகத் துண்டுக்குள் வந்தது.

"என்னால முடியலடி," என்றேன்.

"கொஞ்சம் ஹவா வரட்டும் மதினி. காத்தடிச்சா அதுக்குப் பறக்கத் தெம்பு கிடையாது."

"மாதாவே, கொஞ்சம் காத்தக் குடும்மா," என்று வாய்விட்டே கேட்டேன்.

கொடுத்தாள். புகை சாய்ந்தது, தென்னை ஆடியது, கடி நின்றது. அப்பாடா என்று காலை நீட்டினேன்.

டயானா எழுந்து நின்றாள். கடல் நெடுக வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"மதினி, அண்ணன் இன்னும் முனையைச் சுத்தி வரலியே."

காற்று இன்னும் வலுத்தது. நான் துண்டை உருவிப் போட்டுவிட்டு, கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பூச்சி வந்து கடிக்காதா என்று காத்திருந்தேன்.