மெட்ரோ எந்த வருஷம் வந்தது?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஃபேஸ்புக்கில் சினிமாப் பைத்தியங்களின் குழு ஒன்றில், நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களுக்கு நடுவே, ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்பது மரியாதையான சொல். அவரிடம் அனுமதி கேட்டதெல்லாம் பிறகுதான்.

கெய்ரோவில், ஷுப்ரா பகுதியில், பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். சினிமா பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஊர் மாறினாலும் நாக்கு மாறுமா? அதனால் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பழைய படங்களில் ஒளிந்திருக்கும் அர்த்தங்களைத் தோண்டி எடுப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. நாயகன் இடது கையால் டீ குடித்தால் அரசியல். நாயகி மஞ்சள் உடுத்தினால் துரோகம். ஒரு படத்தில் பூனை குறுக்கே ஓடியதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது, இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள்.

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கெய்ரோவின் அந்திப்பொழுதில் நைல் நதி பொன்னிறமாக

[வேண்டாம். அந்திப்பொழுதில் நான் பார்த்ததெல்லாம் முன்னால் மறித்து நிற்கும் மைக்ரோபஸ்ஸின் முதுகைத்தான்.]

இரண்டாவது முறை:

ரிஃப்அத்துக்கு ஆறு வயதானபோது அவருடைய தாய் இறந்துபோனார். அதன்பின்

[இதுவும் வேண்டாம். முதல் வாக்கியமே பொய். அது பொய் என்பதுதான் கதை.]

2

குழுவின் தலைவர் டாக்டர் துல்பா. தாந்தா நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இங்கே மருந்துக்கடைக்காரரும் டாக்டர்தான். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு பெண்மணி. எண்பதுகளில் சண்டைப் படங்களாக எடுத்துத் தள்ளிய ஓர் இயக்குநரின் ஐந்து படங்களில் அந்தப் பெண்மணி வருகிறார். வசனம் கிடையாது. கையில் ஒரு வலைப்பையோடு பின்னால் நடந்து போவார், அல்லது காபிக்கடை வாசலில் நிற்பார். ஒரு நொடி கேமராப் பக்கம் பார்த்துச் சிரிப்பார். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறும். அடுத்த காட்சியில் யாராவது செத்துப்போவார்கள்.

படங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். தேடிக்கொண்டு போய்விடுவீர்கள்.

அந்தப் பெண்மணிதான் மரணம் என்று துல்பா நிறுவினார். பகுதி பகுதியாக எழுதினார், படங்களை நிறுத்தி நிறுத்தி வட்டம் போட்டுக் காட்டினார். குழு அந்தப் பெண்மணிக்கு ஒரு பெயரும் வைத்தது. தமிழில் 'எமன் வீட்டு அம்மா' என்று சொல்லலாம். ஐந்தாவது படத்தில், கூட்டத்தோடு கூட்டமாக மெட்ரோ ரயில் நிலையத்தின் படிகளில் அந்தப் பெண்மணி இறங்கிப் போகிறார். பாதாளத்துக்குத் திரும்புகிறாள் என்றார் துல்பா. ஆயிரம் பேர் இதயம் போட்டார்கள்.

(என்னைக் கேட்டால், அந்த இயக்குநரின் படத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருவன் குண்டடிபட்டுச் சாவான். அங்கே யார் நடந்தாலும் ஒரு சாவுக்கு முன்னால்தான் நடந்தாக வேண்டும். இதைக் குழுவில் எழுதினேன். அலெக்சாந்திரியாக்காரி இன்ஜி மட்டும் சிரித்து வைத்தாள். மற்றவர்கள் எனக்குக் கலை தெரியாது என்றார்கள்.)

அந்தப் பெண்மணியின் உடை பழுப்பு நிறம். கதையில் பச்சை என்று மாற்றலாமா என்று பார்த்தேன். பச்சை என்றால் நீங்களும் துல்பாவைப் போலத் தோண்ட ஆரம்பிப்பீர்கள். பழுப்பே இருக்கட்டும்.

3

அந்தப் படிக்கட்டுக் காட்சியின் கீழேதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பெயர் ரிஃப்அத். அதுவரை குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாதவர்.

"மெட்ரோ எந்த வருஷம் வந்தது?"

பதில்கள் வந்த அழகைச் சொல்ல வேண்டும். மெட்ரோ என்பது தேசத்தின் குடல் என்றார் ஒருவர். படிகள் மேலிருந்து கீழே போவதைக் கவனி என்றார் இன்னொருவர், படிகள் வேறெங்கே போகும் என்று தெரியவில்லை. ரிஃப்அத் அதே கேள்வியை மறுபடியும் போட்டார். கடைசியில் இன்ஜிதான் எழுதினாள்: எண்பத்தேழு, ஏன் கேக்கிறீங்க?

ரிஃப்அத் ஒரு பழைய புகைப்படத்தைப் போட்டார். மடியில் ஒரு பையனோடு ஒரு பெண். அதே முகம், அதே இடது ஓரம். கீழே எழுதினார்: "இது எங்க அம்மா. எண்பத்து மூணுல காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். எண்பத்து மூன்றில் செத்த பெண் எண்பத்தேழில் வந்த ரயிலுக்குப் படி இறங்குகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தானே இருக்க முடியும்?

குழுவுக்கு அது வேறொரு அர்த்தமாகப் பட்டது. துல்பா சொன்னது உண்மைதான் என்று கூத்தாடினார்கள். செத்தவளே படத்தில் நடந்திருக்கிறாள், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றார்கள். அந்தப் பையனின் முகத்தைச் சுற்றி யாரோ வட்டம் போட்டார்கள். விளம்பரத்துக்காக ஆள் வைத்துப் பேசச் சொல்கிறார்கள் என்றான் ஒருவன். "மரணத்தின் மகனே, நல்வரவு" என்று எழுதினார் துல்பா. படித்தவர்கள். பிள்ளைகுட்டி உள்ளவர்கள்.

4

இந்த இடத்தில் ரிஃப்அத் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் நாற்பது வருடமாக எதையும் விசாரிக்காமல் இருந்திருப்பானா? வாசகர் நம்புவாரா?

அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் கடை விலாசம் இருந்தது, போய்ப் பார்த்தேன். அவர் கடை எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். மூக்குக் கண்ணாடிக் கடை.

[ஆமாம், மூக்குக் கண்ணாடிக் கடைதான். இதை மாற்றி இரும்புக்கடை என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பார்வை, பார்வையின்மை என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த மனிதர் கண்ணாடி விற்கிறார், அவ்வளவுதான்.]

குழுவில் இருக்கிறேன் என்று சொன்னதும் முகம் இறுகியது. நான் வட்டம் போட்டவள் இல்லை என்று சொன்ன பிறகு முக்காலியை இழுத்துப் போட்டார். லேசாகச் சிரித்தார். இடது ஓரம் மேலே ஏறியது.

பெருநாள்தோறும் குடும்பக் கல்லறைக்குப் போவாராம். இறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நிலவறை, ஒரே கதவு. அந்தக் கதவைப் பார்த்து ஓதிவிட்டு, அம்மாவின் ஆன்மாவுக்காக ஷுரைக் ரொட்டி வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பாராம். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"இத்தனை வருஷம் யாருக்கு மேடம் ஓதினேன்?" என்று கேட்டார்.

5

அப்பா காலமாகிவிட்டார். அத்தை இஹ்ஸான் இருக்கிறார். அம்மாவுக்குப் பிறகு ரிஃப்அத்தை வளர்த்தவர். அவரை வில்லியாக எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் ரிஃப்அத் போனபோது அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாராம். பிள்ளை வந்தான் என்று எழுந்துபோய், அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை கூட்டி டீ போட்டுக்கொண்டு வந்தாராம். வில்லிகள் அப்படிச் செய்வதில்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருக்கிறது.

ரிஃப்அத் போனில் அந்தப் படிக்கட்டுக் காட்சியைக் காட்டினார். அத்தை நெடுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை. அண்ணிக்குப் படத்தில் கூட்டத்தோடு நிற்கிற வேலை கிடைத்தது, வீட்டுக்குத் தெரியாமல் போனாள், முதல் படம் தியேட்டருக்கு வந்ததும் தெருவே பார்த்துவிட்டு வந்து சொன்னது, அண்ணன் தலாக் சொல்லி அனுப்பிவிட்டார் என்று பட்டாணி உரித்தபடியே சொன்னாராம்.

"ஊரே டிக்கெட் வாங்கிப் பாத்தவளை வீட்டுல என்னன்னு சொல்றது? செத்துட்டான்னு சொன்னோம். அதுதான் உனக்கும் மரியாதையா இருந்துச்சு."

"அம்மா திரும்பி வரவே இல்லையா அத்தை?"

"வந்தா. உன் ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பா. அதனாலதானே உன்னை வேற ஸ்கூல்ல போட்டோம்."

[இதற்கு மேல் இந்தப் பகுதியில் என்ன எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கிறது. ரிஃப்அத் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தாராம். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை என்றார்.]

6

பதிவு அலுவலகத்தில் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்டார். அவர் தாளில் எழுதிக் கொடுத்த பெயரில் இறப்புப் பதிவு எதுவும் இல்லை என்றார்கள். பதிவு இல்லை என்பதற்காக ஆள் இருக்கிறார் என்று இந்த ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அம்மாவின் பழைய விலாசத்தில் இப்போது ஒரு துணிக்கடை இருக்கிறது.

அப்போதுதான் குழுவில் ஹாஜி பய்யூமி என்ற கிழவர் எழுதினார். அந்தப் படங்களுக்கெல்லாம் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது நான்தான், முகங்கள் மங்கிவிட்டன, ஆனால் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், பெயர்களை மறக்கவில்லை, சிலரோடு இன்னும் போக்குவரத்து உண்டு. மகனே, தாயின் பெயரைச் சொல் என்று கேட்டிருந்தார்.

சுலபம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கே ஆண்பிள்ளைகள் தாயின் பெயரை வெளியில் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அம்மாவின் பெயர் இன்னொருவனுக்குத் தெரிந்துவிட்டால் தீர்ந்தது. வருடம் முழுக்க அதையே கூவிக் கூவிக் கொன்றுவிடுவார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை. கூடப் பழகிய நண்பனுக்குக்கூடத் தெரியாது. ஏற்கெனவே மரணத்தின் மகன் என்று கேலி செய்தவர்கள், நாற்பதாயிரம் பேர், அவர்கள் முன்னால் எழுத வேண்டும்.

தனியாக அனுப்பலாமே என்றேன். ஹாஜிக்கு அந்த வித்தையெல்லாம் தெரியவில்லை. பேரன் திறந்து வைத்த அந்த ஒரு பக்கத்தைத்தான் அவர் பார்க்கிறார். அவருடைய நம்பரைக் கேட்டும் பார்த்தோம். அதற்கும் "பெயரைச் சொல்" என்றே பதில் வந்தது.

"நான் பேரைச் சொன்னா அதை வெச்சு விளையாடுவாங்க மேடம்," என்றார் ரிஃப்அத். "அம்மாவை ஏற்கெனவே ஒரு தடவை தெருவுல நிக்கவெச்சாச்சு."

7

இந்தப் பகுதியை அவருடைய கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரும்போது மூன்று முடிவுகளைத் தயாராகக் கொண்டுவந்தேன்.

ஒன்று: அம்மா இதே ஊரில், இம்பாபா பகுதியில் இருக்கிறார், முழங்கால் வலி, மூன்றாம் மாடி. மகன் படி ஏறுகிறார்

[அம்மா இறங்கிய படியை மகன் ஏறுகிறானாம். துல்பாவுக்குத்தான் இது இனிக்கும்.]

இரண்டு: போன குளிர்காலத்தில்தான்

[அந்த மனிதருக்கு இன்னொரு முறை தாயைச் சாகடிக்க என்னால் முடியாது.]

மூன்று: அவர் பெயரை எழுதவில்லை. போனை மூடி வைத்துவிட்டு அடுத்த பெருநாளுக்கும் ரொட்டி வாங்கப் போகிறார்

[இதற்குத்தான் நான் மிகவும் பயந்தேன்.]

நடந்தது இதுதான். கண்ணாடி வாங்க வந்த பெண் போனதும் ரிஃப்அத் கடைக்கதவைச் சாத்தினார். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், ஒரு பெயரைச் சொன்னார். காது மடல் வரைக்கும் சிவந்துபோனது.

"இதைச் சத்தமா சொல்றது இதான் முதல் தடவை," என்றார். பிறகு, "உங்க கதையில எழுதுங்க மேடம். உங்க பாஷையில இதை வெச்சுக் கேலி பண்ண மாட்டாங்கல்ல?"

மாட்டார்கள் என்று சொன்னேன். உங்களை நம்பித்தான் சொன்னேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் அதிய்யாத்.

அதையே குழுவிலும் எழுதினார். "எங்க அம்மா பேர் அதிய்யாத். ஞாபகம் இருக்கா ஹாஜி?" ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். மூச்சுவிடுவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. ஹாஜி இல்லை, முகம் தெரியாத எவனோ: அதிய்யாத் என்பது ஐந்து எழுத்து, அவள் வந்த படங்களும் ஐந்து, கவனித்தீர்களா நண்பர்களே? துல்பா அதற்கு ஓர் இதயம் போட்டிருந்தார்.

போனைச் சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது. ரிஃப்அத் சிரித்தார். என்ன சிரிப்பு அது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இடது ஓரம் மட்டும் ஏறியது.

போன் மறுபடி அதிர்ந்தது. ஹாஜி பய்யூமி உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்று ஒரு வரி. அதைத் தொட்டால் திறக்கும். அவர் தொடவில்லை. போனைக் கவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்க பாருங்க மேடம். என்னால முடியாது."

இப்போது, ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திறக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தால் திறக்க வேண்டியதில்லை என்று எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள். போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த அர்த்தமும் தேட வேண்டாம். என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.